இரண்டாவது பிரதி

ஆற்றில் படகைக் காணவில்லை.

தங்கையின் கைப்பை பாலத்துக் கைப்பிடிச் சுவரில் கிடைத்த நாளிலிருந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்த படகு அது. அன்று காலை அக்கா பாலத்துக்குப் போனபோது, அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் அவளிடம் வந்து, "இனிமே கிடைச்சா நாங்களே சொல்லி அனுப்பறோம்மா" என்றார்.

கிடைச்சா. அந்த ஒரு சொல்லையே அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

அங்கிருந்து கால் போன போக்கில் நடந்தவள், ஒரு துப்பறியும் அலுவலகத்தின் பலகையைப் பார்த்துப் படியேறினாள். "உடம்பையாவது கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டு அழுதாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணியை அந்த வட்டாரத்தில் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று பேச்சு. அவருடைய உதவியாளன் முன்பு பூட்டுக்கடை வைத்திருந்தவன். வாயைத் திறந்தால் பொங்கி வழியும் என்பதால் அவனுக்குப் பெயர் சோடா.

"செத்தவங்களை நாங்க தேடறதில்லைக்கா," என்றான் சோடா. "அவங்க ஓடறதும் இல்லை, ஒளியறதும் இல்லை. எங்களுக்கு அதுல பொழப்பு ஓடாது. உயிரோட இருக்கறவங்கன்னா சொல்லுங்க, வர்றோம்."

வேறு நாளாக இருந்தால் அக்கா அவனை அடித்திருப்பாள். அன்றைக்கு அந்த வேடிக்கைப் பேச்சையே கொழுகொம்பாகப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கறவன்னே வெச்சுக்கங்க தம்பி," என்றாள். "அப்படியே வெச்சுக்கிட்டுத் தேடுங்க."

தங்கையின் வீடு மாடிக் குடியிருப்பில் இருந்தது. கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். மழிக்காத முகம், சிவந்த கண்கள். தங்கை காணாமல் போனதிலிருந்து சாயங்காலமானால் அக்கா வீட்டுக்கு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுவிட்டுப் போகிற மனிதர். யாரிடம் விசாரித்தாள், யார் என்ன சொன்னார்கள், என்ன கனவு கண்டாள் என்று எல்லாவற்றையும் அக்கா அவரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிடுவாள். துக்கத்தைப் பங்கு போட அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"இவங்க கண்டுபிடிச்சுருவாங்க மாப்பிள்ளை," என்றாள்.

"எப்படியாவது கண்டுபிடிங்க," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

தங்கைக்குத் தொழில் மின்நூல் செய்வது. பதிப்பகங்கள் அனுப்புகிற புத்தகங்களைக் கணினியிலும் போனிலும் படிக்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பாள். அவள் வேலை செய்த உள்ளறையில் மேசை சுவரைப் பார்த்துக் கிடந்தது. உட்கார்ந்தால் முதுகு கதவுப் பக்கம் வரும். அந்த முதுகுக்குப் பின்னால் சாய்வு நாற்காலி ஒன்று.

"இதுல யார் உட்காருவாங்க?" என்று கேட்டார் நிதானம்.

"நான்தான். அவ தனியா வேலை பார்த்தா பயப்படுவா. துணைக்கு உட்கார்ந்திருப்பேன்."

சோடா உள்ளே வராமல் கதவின் வெளிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பழுப்பு நிறக் கதவில், இடுப்பு உயரத்தில், வெள்ளைப் பூச்சு அப்பிய சின்னச் சின்னப் புள்ளிகள்.

"என்ன சார், கதவுக்கு அம்மை போட்டிருக்கா?"

"காலண்டர் மாட்டியிருந்தோம். ஆணியைப் பிடுங்கின ஓட்டை."

"ஓ," என்றான் சோடா. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கணினி கடவுச்சொல் கேட்டது. அக்கா விழித்தாள். மாப்பிள்ளை குனிந்து, யோசிக்காமல் தானே தட்டினார். திரையில் தங்கையின் புத்தக அலமாரி விரிந்தது. ஆசிரியர் பெயர், கோடு, தலைப்பு, கோடு, ஆண்டு. எந்தக் கோப்பும் இந்த வரிசை தப்பவில்லை.

"அவ அப்படித்தான்," என்றாள் அக்கா. "வர்ற புத்தகத்துக்கெல்லாம் பேரை மாத்தி ஒழுங்கா வெச்சாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஒரே புத்தகம் ரெண்டு தடவை இருந்துட்டா அன்னிக்குச் சோறு இறங்காது."

நிதானம் எதையோ அமுக்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"காணாமப் போன அன்னிக்குக் காலையில கொஞ்சம் புத்தகத்தை எக்ஸ்போர்ட் பண்ணியிருக்காங்க. அதாவது, இங்கே இருக்கறதுக்கு ஒரு நகல் எடுத்து வெளியே கொண்டு போயிருக்காங்க. பென் டிரைவ் ஏதாவது காணோமா?"

"இருக்கலாம். கவனிக்கலை," என்றார் மாப்பிள்ளை.

"என்ன எடுத்திருக்காங்க மேடம்? சாமி புத்தகமா?" என்றான் சோடா.

"அகராதிகள். எழுத்துருக்கள். பக்கம் அமைக்கறதுக்கு இவங்களே செஞ்சு வெச்ச அச்சுகள். கதைப் புத்தகம் ஒண்ணுகூட இல்லை."

சோடா விசில் அடித்தான். "ஆத்துல குதிக்கப் போறவங்க பேக்கப் எடுத்துட்டுப் போய் நான் பார்த்ததில்லை. மீன் எந்த அகராதியைப் புரட்டப் போகுது?"

"ஆமா," என்றார் நிதானம். "மனசு விட்டவங்க இதையெல்லாம் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. இவங்க சாகப் போகலை. எங்கேயோ வேலைக்குப் போயிருக்காங்க."

அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாளாக உள்ளே இறுகிக் கிடந்ததோ, அது சத்தமில்லாமல் உடைந்து கண் வழியே கொட்டியது. உயிரோடு இருக்கிறாள். எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, எழுத்துப் பிழைகளைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள்.

மாப்பிள்ளை அழவில்லை.

"யார் கூட?" என்று கேட்டார்.

நிதானத்தின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. ஒரு கணம்தான். பிறகு, "அது தெரியலை சார். இதுக்கு மேல இந்தக் கணினியில ஒண்ணுமில்லை" என்று சொல்லி எழுந்தார்.

"ஏன் இல்லாம?" என்றாள் அக்கா. சந்தோஷத்தில் அவளுக்கு வாய் நிற்கவில்லை. "என் போன்ல பாருங்களேன். அவ அலமாரிக்கு இணையத்துலயும் ஒரு நகல் வெச்சிருக்கா. இங்கே தீப்பிடிச்சாலும் அங்கே இருக்கும்னு சொல்லுவா. நான் அதுலேருந்துதான் எடுத்துப் படிப்பேன். அவ போனதுலேருந்து எனக்கு அதைத் திறக்கவே மனசு வரலை."

நிதானம் கையை நீட்டியது அவளைத் தடுக்கத்தான் என்பது அக்காவுக்கு அப்போது புரியவில்லை. போனைக் கேட்கிறார் என்று நினைத்து, திறந்தே கொடுத்தாள்.

"இப்படி ஒண்ணு இருக்கறது எனக்குத் தெரியாதே," என்றார் மாப்பிள்ளை மெதுவாக. வந்து நிதானத்தின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

இனி மறைக்க வழியில்லை. கடைசியாக மாறியது எது என்று வரிசைப்படுத்தியதும், சின்னத் திரையில் தலைப்பு மட்டும் தெரிய, ஒரே ஒரு கோப்பு மேலே வந்து நின்றது. 'துறைமுகத்து மழை - 2.' போன வாரத் தேதி. கொஞ்சம் கீழே, பழைய தேதியில், 'துறைமுகத்து மழை.'

போன வாரம். படகு ஆற்றைத் துழாவிக்கொண்டிருந்த வாரம்.

"திறங்க அதை," என்றார் மாப்பிள்ளை.

நிதானம் திறந்தார். கப்பல், மழை, கலங்கரை விளக்கத்தடியில் ஒருத்திக்காகக் காத்திருக்கிற ஒருவன். ஏதோ ஒரு நாவல். சில பக்கங்களைத் தள்ளிக் காட்டிவிட்டு மூடினார்.

"வேற ஒண்ணுமில்லை சார், கதைதான். ஆனா ரெண்டு பிரதி பிடிக்காதவங்க வேணும்னே இதை ரெண்டாவது தடவை போட்டிருக்காங்க. அக்காவுக்கு ஊரைச் சொல்றாங்க."

"துறைமுகம்," என்றார் மாப்பிள்ளை.

"துறைமுகம். அங்கே புத்தக வேலை நடக்கற இடம் கொஞ்சம்தான் இருக்கும். ஒவ்வொண்ணா ஏறி இறங்கினா ஆள் சிக்கிடும்."

சோடாவும் சேர்ந்துகொண்டான். "கடல் காத்துக்கு ஆசைப்பட்டிருப்பாங்க சார். இப்பக் கிளம்பினா இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

மாப்பிள்ளை கார் சாவியை எடுத்துக்கொண்டு, சட்டையைக்கூட மாற்றாமல் இறங்கினார். அக்கா, "நானும் வர்றேன் மாப்பிள்ளை" என்று பின்னாலேயே ஓடப் பார்த்தாள். நிதானம் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற பிடி.

"நீங்க போகக்கூடாது."

"என்னம்மா சொல்றீங்க? என் தங்கச்சி..."

"உங்க தங்கச்சி துறைமுகத்துல இல்லை."

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி ஓய்கிற வரைக்கும் நிதானம் காத்திருந்தார். பிறகு போனை அக்காவின் கையில் வைத்தார்.

"நான் அவருக்குத் திறந்து காட்டினது பழைய பிரதியை. ரெண்டாவதை இன்னும் யாரும் திறக்கலை. ஒரே புத்தகமா இருந்தா அவங்க ரெண்டு தடவை வெச்சிருக்க மாட்டாங்க. கோப்புக்கு வெளியே என்ன பேர் வேணும்னாலும் மாத்தி வைக்கலாம். அதனால உள்ளே இருக்கற தலைப்பு மாறாது. நீங்களே திறங்க."

அக்கா திறந்தாள். கப்பலும் இல்லை, மழையும் இல்லை. திரை முழுக்க ஒரே ஒரு எழுத்து. 'அ.' அடுத்த பக்கத்தில் 'ஆ.' பார்வை குறைந்த பிள்ளைகள் படிப்பதற்காகச் செய்த பெரிய எழுத்துப் புத்தகம். தலைப்புக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். துறைமுகத்துக்கு நேர் எதிர்த்திசையில், மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடம். இந்த வருடத்து வெளியீடு. கடைசிப் பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு வரி இருந்தது. 'மின்நூலாக்கம்: சிட்டு.'

சிட்டு என்று உலகத்தில் ஒரே ஒருத்திதான் அவளைக் கூப்பிடுவாள். அந்த ஒருத்தி போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "ஏன் இப்படி ஒளிச்சு வெச்சா? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே? நான் ஆத்தங்கரையில..."

"பண்ணியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்றார் நிதானம்.

அக்கா வாயைத் திறந்தாள். பதில் அவளுக்குத் தெரியும். சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் முதல் வேலையாகச் சொல்லியிருப்பாள்.

"கதைப் புத்தகம் பக்கமே அவர் தலை வைக்க மாட்டார்னு தெரிஞ்சு வெச்சிருக்காங்க. நீங்க என்னிக்காவது படிக்கத் திறப்பீங்கன்னு நம்பியிருக்காங்க."

"அவரு நல்லவரும்மா. அவளை உள்ளங்கையில வெச்சு..."

"அக்கா," என்றான் சோடா. குரலில் வேடிக்கை இல்லை. "காலண்டரை யாராவது இடுப்புல மாட்டுவாங்களா? பூட்டுக்கடைக்காரன் சொல்றேன், கேளுங்க. அது தாழ்ப்பாள் இருந்த இடம். போலீஸ் வர்றதுக்குள்ள கழட்டிட்டுப் பூசியிருக்கான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டா அது மனுஷங்க இருக்கற அறை. வெளிப்பக்கம் போட்டா அது கோழிக்கூண்டு."

அக்கா கதவைப் பார்த்தாள். சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். தங்கை போனில் பேசும்போதெல்லாம் "அப்புறம் பேசறேன்க்கா" என்று பாதியில் வைத்துவிடுவது ஞாபகம் வந்தது. வேலை மும்முரம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"நான் பண்ணினது தப்பு," என்றார் நிதானம். "உயிரோட இருக்காங்கன்னு அவன் முன்னாடியே சொல்லிட்டேன். நல்லா இருக்காளான்னு கேட்பான்னு நெனச்சேன். யார் கூடன்னு கேட்டான். துறைமுகத்துல தேடிட்டுக் காணோம்னா திரும்பி உங்ககிட்டதான் வருவான். அதுக்குள்ள நான் மலைக்குப் போகணும். ஒரு வக்கீலோட போய் அவங்களைப் பத்திரமான இடத்துல சேர்க்கணும். இந்தப் போனை அவன் மறுபடி கேட்பான். இதுல எதுவும் இருக்கக்கூடாது."

சோடா அந்த நூலைத் தன் போனுக்கு ஒரு நகல், நிதானத்தின் போனுக்கு ஒரு நகல் என்று எடுத்தான். "ரெண்டு இடத்துல பத்திரமா இருக்குக்கா. உங்க போன்லேருந்து அலமாரியையே எடுத்துடறேன்."

"கொஞ்சம் இரு தம்பி." அக்கா 'சிட்டு' என்ற அந்த வரியை விரலால் தடவினாள். கண்ணாடித் திரை குளிர்ந்திருந்தது. "சரி. எடுத்துடு."

எடுத்து முடிக்கவும் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"அக்கா, கீழேதான் வண்டியில இருக்கேன். நீங்களும் வாங்க. என்னைப் பார்த்தா அவ வர மாட்டா. உங்களைப் பார்த்தா வந்துடுவா."

அதே குரல். தினமும் தன் வீட்டு மூலையில் உட்கார்ந்து அழுத குரல். என்னைப் பார்த்தா வர மாட்டா என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான். நிதானம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இதோ வர்றேன் மாப்பிள்ளை," என்றாள் அக்கா. "முகத்தைக் கழுவிட்டு வர்றேன்."

போனை வைத்தாள். நிதானம் முதல் தடவையாக நிதானம் இழந்தார். "உங்களுக்கென்ன பைத்தியமா?"

"நான் போகலைன்னா அவனுக்குச் சந்தேகம் வரும். மேல வருவான். நான் கூடப் போனா அவன் நேரா கடலுக்குத்தான் போவான். வழியெல்லாம் பேசிட்டே வர்றேன், வண்டியை நாலு இடத்துல நிறுத்த வைக்கறேன். பேசறதுக்கு எனக்கா சொல்லித் தரணும்? நீங்க அவளைப் பாருங்கம்மா."

"நான் பின்னாலயே பைக்ல வர்றேன்," என்றான் சோடா. "நிறுத்தற இடத்துலெல்லாம் நிப்பேன். பயந்தா இறங்கிடுங்க."

காரில் ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "போனைக் கொடுங்க. அந்தப் புத்தகத்தை இன்னொரு தடவை பார்க்கணும்."

அக்கா கொடுத்தாள். அவன் தேடினான். புத்தக அலமாரி இருந்த இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"எங்கே?"

"அதை ஏன் கேட்கறீங்க மாப்பிள்ளை. அழுதுட்டே எதையோ அமுக்கிட்டேன். எல்லாம் போயிடுச்சு. அந்தம்மா என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க. நான் ஒரு துப்புக்கெட்டவ, எனக்கெதுக்கு இந்தப் போனெல்லாம்..." அழுகை தானாகவே வந்தது. அதற்காக நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அக்கா பேசினாள். தங்கை பிறந்த கதை, நடக்கப் பழகிய கதை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுப் பிழைகளைத் திருத்தி அடி வாங்கிய கதை. தலைசுற்றுகிறது என்று ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். தண்ணீர் வேண்டும் என்று ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வழியே மலை இருக்கிற திசையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். உள்ளுக்குள் ஒரே கேள்வி அரித்தது. நிதானம் போய்ச் சேர்ந்திருப்பாரா? அவள் அங்கே இருப்பாளா?

"இனிமே கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லிடப் போறேன் அக்கா," என்றான் அவன், சாலையைப் பார்த்தபடி, பரிவாக. "அதுதான் அவளைக் கெடுத்துச்சு. வீட்டோட இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

"ஆமா மாப்பிள்ளை," என்றாள் அக்கா. மடியில் கோத்திருந்த கைகளின் நகங்கள் தோலில் பதிந்தன.

பொழுது சாயத் தொடங்கும்போது பெட்ரோல் போட நின்றார்கள். பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருத்தன் குரலை மாற்றிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் பேசிக்கொண்டிருந்தான். "என்னது, சிட்டு கிடைச்சிருச்சா? கூண்டுலயா வெச்சிருக்கீங்க? ஓ, மரத்துல விட்டாச்சா? இறக்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கா? அப்புறமென்ன, அதோட சோடி எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா? சொல்லு, வருதுன்னு சொல்லு."

மாப்பிள்ளை அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பெட்ரோல் போடுகிறவனிடம் காசைக் கொடுக்கத் திரும்பினான். எவனோ பறவை வளர்க்கிறவன்.

அது சோடா என்று அக்காவுக்குப் புரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "கை கழுவிட்டு வந்துடறேன் மாப்பிள்ளை."

"சீக்கிரம் வாங்க அக்கா. இன்னும் தூரம் இருக்கு."

கழிவறைக் கட்டடத்தைச் சுற்றி அவள் பின்பக்கம் போனாள். அங்கே பைக் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா வாழ்நாளில் பைக்கில் ஏறியதில்லை. எப்படி ஏறினாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சோடா பின்பக்கத்து மண் பாதையில் இறக்கி, வயல்களைத் தாண்டி, வந்த வழிக்கே திரும்பும் இன்னொரு சாலையில் ஏற்றினான். எதிர்க்காற்று அவள் முகத்தை ஈரமில்லாமல் துடைத்தது.

கையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

"யாருக்கா?" என்று கேட்டான் சோடா, திரும்பாமல்.

அக்கா திரையைப் பார்த்தாள். 'மாப்பிள்ளை' என்று எரிந்து எரிந்து அணைந்தது.

"யாரோ," என்றாள். "நீ வண்டியை விடு தம்பி."